தோளில் ஏறும் படகு: உங்களுக்குத் தெரியுமா?

படகு மனிதனைச் சுமக்கும். மனிதன் படகைச் சுமப்பானா? சுமக்கிறான்! அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வட எல்லையிலும், அதை ஒட்டிய கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் கோடை பிறந்துவிட்டால் போதும். கேனூ என்னும் ஒடுக்கமான துடுப்புப் படகைக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு ஆணும் பெண்ணும் காட்டுக்குள் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். ஏரி முடிந்ததா? இறங்கு, படகைத் தூக்கு. பாறை, சேறு, வேர் எல்லாம் தாண்டி அடுத்த ஏரிக்கு நட. இறக்கு, துடுப்புப் போடு, மறுபடி தூக்கு! இப்படிச் சுமந்து நடக்கும் பாதைக்குப் போர்ட்டேஜ் என்று பெயர்.

அந்த நடைக்காக மனிதர்கள் மரப்பட்டையில் படகு செய்தார்கள். காகிதத்தில் செய்தார்கள். போர் விமான உலோகத்தில் செய்தார்கள். குண்டு துளைக்காத அங்கியின் நூலில்கூடச் செய்தார்கள்! எடை குறைந்த கேனூ ஒன்றை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ நினைப்பவர்களுக்கும், சும்மா வியக்க நினைப்பவர்களுக்கும் இதோ ஒரு மூட்டை அதிசயங்கள்.

1. சாலையே இல்லாத ஏரி உலகம் தெரியுமா?

மினசோட்டாவில் பவுண்டரி வாட்டர்ஸ் என்றொரு காடு. பரப்பு 10 லட்சம் ஏக்கருக்கு மேல். உள்ளே ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள்! கேனூ வழித்தடங்களை மட்டும் கூட்டினால் 1,900 கிலோமீட்டரைத் தாண்டும். பழைய பனியாறுகள் பாறையைச் சுரண்டிச் சுரண்டிக் குழியாக்கிவிட்டுப் போக, அந்தக் குழிகளில் தேங்கிய நீர்தான் இத்தனை ஏரிகள். எல்லையைக் கடந்தால் கனடாவின் குவெட்டிகோ பூங்கா; அங்கேயும் ஏரிக்கு மேல் ஏரி. ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் போக வண்டிப் பாதை கிடையாது. உங்கள் கால்களும் உங்கள் தோளும்தான் வழி.

2. வானத்துக்கும் தடை போட்ட காடு எது தெரியுமா?

இதே காடுதான்! ஒரு காலத்தில் மிதவை விமானங்களில் வந்து காட்டுக்குள் இருக்கும் ஏரிகளில் இறங்கி மீன் பிடித்துவிட்டுப் போனார்கள். 1949 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் ஓர் ஆணை பிறப்பித்தார்: கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்குக் கீழே இந்தக் காட்டின் மேல் விமானம் பறக்கக் கூடாது. காட்டின் அமைதிக்காக வானத்துக்கே வேலி!

தரையிலும் அதே கண்டிப்புதான். பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் கிடையாது. ஒரு சில போர்ட்டேஜ்கள் தவிர மற்றவற்றில் படகைச் சக்கரத்தில் வைத்துத் தள்ளவும் அனுமதி இல்லை. ஒரு குழுவில் 9 பேர், 4 படகுகள். அதற்கு மேல் ஆகாது. தகர டப்பாவில் அடைத்த உணவும் கண்ணாடிப் பாட்டிலும் உள்ளே வரவே கூடாது. படகின் எடையைச் சக்கரத்தின் மேலோ இயந்திரத்தின் மேலோ ஏற்றிவிட முடியாது என்பதால், கடையில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு கிலோவும் நேராக உங்கள் தோளுக்குத்தான் வரும்.

3. தூரத்தைப் படகின் நீளத்தால் அளப்பார்கள் தெரியுமா?

பவுண்டரி வாட்டர்ஸ் வரைபடத்தை விரித்தால் போர்ட்டேஜ்களுக்குப் பக்கத்தில் 40, 80, 180 என்று எண்கள் இருக்கும். அவை மீட்டரும் இல்லை, அடியும் இல்லை. ராட்! நிலம் அளக்கும் பழைய அளவு அது. ஒரு ராட் 16½ அடி. 320 ராட் ஒரு மைல். உலகம் ஏறக்குறைய மறந்துபோன இந்த அளவு இங்கே இன்னும் உயிரோடு இருப்பது எவ்வளவு பொருத்தம்! ஒரு ராட் என்பது கிட்டத்தட்ட ஒரு கேனூவின் நீளம். 100 ராட் என்று பார்த்தால், நூறு கேனூக்களை வரிசையாக வைத்த தூரம், அதாவது சுமார் அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்று கண்டுகொள்ளலாம்.

4. படகு சுமக்கும் பாதைக்குச் சர்வதேச ஒப்பந்தம் உண்டு தெரியுமா?

1842-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் வெப்ஸ்டர்–ஆஷ்பர்ட்டன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு எல்லைத் தகராற்றைத் தீர்த்துக்கொண்டன. அதில் ஒரு ஷரத்து: சுப்பீரியர் ஏரியிலிருந்து லேக் ஆஃப் த வுட்ஸ் வரை எல்லையோரமாக இருக்கும் நீர்வழிகளும், வழக்கமான போர்ட்டேஜ்களும் இரு நாட்டு மக்களுக்கும் திறந்தே இருக்க வேண்டும். இரண்டு நாடுகள் உட்கார்ந்து, படகைத் தோளில் வைத்து நடக்கும் ஒற்றையடிப் பாதைகளையும் மறக்காமல் எழுதி வைத்தன என்றால் அந்தப் பாதைகளின் மதிப்பு என்னவாக இருந்திருக்கும்!

5. 80 கிலோ சுமையோடு ஓடிய மனிதர்கள் யார் தெரியுமா?

வாயஜர்கள்! பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், மென்மயிர்த் தோல் வணிகத்துக்காகக் கனடாவின் நீர்வழிகளில் துடுப்புப் போட்ட கூலித் தொழிலாளர்கள் இவர்கள். ஒரு கட்டு 90 பவுண்டு, அதாவது 41 கிலோ. ஒரு நடைக்கு இரண்டு கட்டு! நெற்றியின் மேல்பக்கம் ஒரு தோல் வாரைக் கொடுத்து, முதுகில் 82 கிலோவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறக்குறைய ஓட்டமாகப் போவார்கள்.

அவர்களுடைய பாதைகளில் பேர்பெற்றது கிராண்ட் போர்ட்டேஜ். பிஜன் ஆற்றின் அருவிகளைத் தவிர்ப்பதற்காகச் சுப்பீரியர் ஏரிக் கரையிலிருந்து மேலேறும் இந்தப் பாதையின் நீளம் 8½ மைல், சுமார் 13.7 கிலோமீட்டர். பெரிய ஏரிகளில் ஓடிய மாண்ட்ரியல் கேனூ 36 அடி நீளம், பல டன் சரக்கு ஏற்றுவது. அதை இந்தக் காட்டுவழிக்குள் கொண்டுபோவது நடக்கிற காரியமா? அதனால் கிராண்ட் போர்ட்டேஜில் சரக்கு மாறும். உள்நாட்டு ஆறுகளுக்கு 25 அடி வடக்குக் கேனூ தனியாகக் காத்திருக்கும். இரண்டே பேர் தூக்கக்கூடியது. பயணத்துக்குத் தக்க படகு என்ற பாடத்தை வணிகக் கணக்கே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது!

6. ஆணி ஒன்றுகூட இல்லாத படகு தெரியுமா?

வாயஜர்களுக்கு இந்தப் படகைத் தந்தவர்கள் யார்? அந்த மண்ணின் ஆதிக்குடிகள்! ஒஜிப்வே, அல்கோன்குவின் முதலிய மக்கள் வெண்பட்டை பிர்ச் மரத்தின் பட்டையை ஒரே பெரிய தோலாக உரித்தெடுத்தார்கள். மரத்தில் வெளிப்பக்கமாக இருந்த வெள்ளைப் பட்டை படகில் உட்பக்கமாக வரும். மரத்தை ஒட்டியிருந்த பழுப்புப் பக்கம்தான் தண்ணீரைத் தொடும். வெண் சீடர் மரத்தில் விலா எலும்புகள். தைப்பதற்கு ஸ்ப்ரூஸ் மரத்தின் வேர். இடுக்குகளை அடைக்க ஸ்ப்ரூஸ் பிசினோடு கொழுப்பைச் சேர்த்துக் காய்ச்சிய கலவை. ஆணி இல்லை, உலோகம் இல்லை!

இதன் பெருமை எடைக் குறைவோடு நிற்கவில்லை. பாறையில் மோதிக் கிழிந்தால் என்ன செய்வது? கரையில் இறங்கினால் பட்டை அங்கேயே இருக்கிறது, வேர் அங்கேயே இருக்கிறது, பிசினும் அங்கேயே இருக்கிறது! காடே உதிரிபாகக் கடை. இலகு, உறுதி, வழியிலேயே பழுது பார்க்கும் வசதி என்ற மூன்றையும் ஒரே படகில் சேர்த்த அந்தக் கைகளுக்கு இன்றைய எந்தத் தொழிற்சாலையும் கடன்பட்டிருக்கிறது.

7. காகிதப் படகில் மெக்சிகோ வளைகுடா வரை போனவர் தெரியுமா?

விளையாட்டுக் காகிதக் கப்பல் இல்லை, நிஜப் படகு! 1874 ஜூலையில் நதானியேல் பிஷப் என்பவர் கனடாவின் கியூபெக்கிலிருந்து மரப்படகில், துணைக்கு ஒரு ஆளோடு புறப்பட்டார். படகின் எடை 300 பவுண்டு, சுமார் 136 கிலோ! நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகரை அடைந்தபோது, அங்கே எலைஷா வாட்டர்ஸ் குடும்பத்தார் காகிதத்தை அச்சின் மேல் படிய வைத்து, நீர் புகாதபடி பூச்சுக் கொடுத்துப் படகு செய்வதைப் பார்த்தார். மரப்படகைக் கைவிட்டார், துணையாளை அனுப்பிவிட்டார். 14 அடி நீளமுள்ள ‘மரியா தெரேசா’ என்ற காகிதக் கேனூவில் தனியாக ஏறினார். அதன் எடை 58 பவுண்டுதான், 26 கிலோ!

1875 மார்ச்சில் அவர் ஃப்ளோரிடாவின் மெக்சிகோ வளைகுடாக் கரையைத் தொட்டார். மொத்தப் பயணம் சுமார் 2,500 மைல். இருவர் சேர்ந்து இழுத்த வேலையை ஒருவர் முடித்தார். படகின் எடை குறைந்ததும் பயணத்தின் கணக்கே மாறியது!

8. ஐந்து கிலோவுக்கும் குறைந்த படகு தெரியுமா?

இது இன்னும் பெரிய ஆச்சரியம்! ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்ற எழுத்தாளர் ‘நெஸ்மக்’ என்ற புனைபெயரில் வனப்பயணக் கட்டுரைகள் எழுதிவந்தார். ஆள் குள்ளம், எடை ஐம்பது கிலோவைச் சுற்றி, உடல்நலமும் சரியில்லை. நியூயார்க்கின் அடிரோண்டாக் மலை ஏரிகளைத் தனியாகவே சுற்ற ஆசை. அந்தப் பகுதியில் வழிகாட்டியை அமர்த்திக்கொள்வதே வழக்கம். வழிகாட்டி படகைச் சுமப்பார், பயணி வெறுங்கையோடு நடப்பார். நெஸ்மக் தன் படகைத் தானே சுமக்க விரும்பினார். கான்டன் ஊரின் படகுக் கலைஞர் ஜே. ஹென்றி ரஷ்டனிடம் ஒன்றைவிட ஒன்று இலகுவாகப் படகுகள் கேட்டார்.

1883-ல் ரஷ்டன் ஒரு சீடர் கேனூவைக் கொடுத்தார். பெயர் ‘சேரி கேம்ப்’. நீளம் 9 அடி. எடை 10½ பவுண்டு; கிலோவில் 4.8! அறுபத்தொரு வயது நெஸ்மக் அதில் 266 மைல் சுற்றிவந்தார். படகு தாங்கியது! ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குச் சொந்தமாகி அது இன்றும் பாதுகாக்கப்படுகிறது. உடல் வலுவில்லாதவருக்கும் காடு திறக்கும், அவருக்குத் தக்க படகு கிடைத்தால். நூற்று நாற்பது ஆண்டுக்கு முன்பே நெஸ்மக் இதைச் செய்து காட்டிவிட்டார்.

9. நிலவில் இறங்கிய கலத்தைக் கட்டியவர்கள் கேனூவும் செய்தார்கள் தெரியுமா?

கிரம்மன் விமான நிறுவனம்! இரண்டாம் உலகப் போரில் ஹெல்கேட் போன்ற போர் விமானங்களைச் செய்துதள்ளிய அதே நிறுவனம். அதன் அதிகாரி வில்லியம் ஹாஃப்மன் 1944-ல் அடிரோண்டாக் பகுதிக்கு விடுமுறைக்குப் போனார். கித்தான் போர்த்திய மரக் கேனூவைப் போர்ட்டேஜில் சுமந்தபோது தோள் இற்றுப்போனது. விமானம் செய்யும் அலுமினியத்தில் கேனூ செய்தால் என்ன என்று அங்கேதான் தோன்றியது! போர் முடிந்த 1945-லேயே கிரம்மன் அலுமினியக் கேனூக்கள் வரத் தொடங்கின.

கித்தான் படகுக்கு ஒரு குறை உண்டு: நாள் செல்லச் செல்ல மரம் தண்ணீர் குடித்து எடை கூடும். அலுமினியம் ஒரு துளி குடிக்காது. வெயிலில் கிடந்தாலும் பனியில் கிடந்தாலும் கவலையில்லை. 17 அடிக் கிரம்மன் சுமார் 34 கிலோ. அந்நாளில் அது பெரிய விடுதலை! 1969-ல் நீல் ஆம்ஸ்ட்ராங்கையும் பஸ் ஆல்ட்ரினையும் நிலவில் இறக்கிய கலமும் இதே கிரம்மனின் படைப்புதான். எடையைக் கிராம் கிராமாகக் குறைக்கும் கலை, காட்டுக்கும் பயன்பட்டது, நிலவுக்கும் பயன்பட்டது!

10. கலங்கிய திரவம் ஒன்று படகுலகையே மாற்றியது தெரியுமா?

1965. டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகம். மருத்துவப் படிப்புக்குப் பணம் சேர்க்கத் தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்து, வேதியியலிலேயே மனம் ஒன்றித் தங்கிவிட்ட ஸ்டெஃபனி குவோலெக், டயருக்கு உறுதியான இலகு இழை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததோ கலங்கலான, நீர்த்த ஒரு கரைசல். நூல் நூற்கும் இயந்திரத்தைக் கவனித்தவர், இதை ஊற்றினால் துளை அடைத்துக்கொள்ளும் என்று மறுத்தார். குவோலெக் விடவில்லை. வற்புறுத்தி நூற்க வைத்தார். வந்த இழைக்குத்தான் இன்று கெவ்லர் என்று பெயர்! எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் எஃகைவிட ஐந்து மடங்கு வலிமை.

குண்டு துளைக்காத அங்கிக்குப் போன அதே நூல், துணியாக நெய்யப்பட்டு, பிசினில் ஊறி, பொன்னிறக் கேனூவாகவும் உருவெடுத்தது. மினசோட்டாவின் வினோனா நகரில் வெனோனா நிறுவனம் செய்யும் ‘மினசோட்டா 2’ என்ற கேனூவைப் பாருங்கள். நீளம் பதினெட்டரை அடி, இரண்டு பேரும் அவர்களுடைய பல நாள் மூட்டைகளும் ஏறலாம். மிக இலகுவான கெவ்லர் வகையில் அதன் எடை சுமார் 19 கிலோ. நம் வீட்டுக்கு வரும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிடக் குறைவு!

11. ஒரே அளவுப் படகு 19 கிலோவிலும் கிடைக்கும், 40 கிலோவிலும் கிடைக்கும், தெரியுமா?

எல்லாம் பொருளைப் பொறுத்தது. அடுக்கடுக்காக வார்த்த பாலித்தீன் கேனூ விலை குறைவு, அடி தாங்கும். ஆனால் இருவர் படகு 40 கிலோவை நெருங்கிவிடும். நுரைப் பிளாஸ்டிக்கை நடுவில் வைத்துச் செய்த ராயலெக்ஸ் 30 கிலோவைத் தாண்டும். பாறையில் சுற்றி மடங்கிப்போன படகுகூட மீண்டும் வடிவத்துக்குத் திரும்பிவிடும் என்பது அதன் புகழ். அந்தப் பொருளின் உற்பத்தி 2014-க்குள் நின்றுபோனது. கியூபெக்கின் எஸ்கிஃப் நிறுவனம் டி-ஃபார்மெக்ஸ் என்ற மாற்றைக் கொண்டுவந்தது. அலுமினியம் முப்பதுகளில். கெவ்லர் இருபதுக்கு அருகில். கார்பன் இழை சேர்த்தால் அதற்கும் கீழே!

எடை குறையக் குறைய விலை ஏறும். பாறையைத் தாங்கும் பொறுமை குறையும். சுழித்தோடும் பாறை ஆற்றில் இறங்குபவருக்கு டி-ஃபார்மெக்ஸ் சரி. ஏரிக்கு ஏரி தாவுபவருக்குக் கெவ்லர் சரி. ஒரே படகை எல்லா நீருக்கும் தேடினால் இரண்டிலும் ஏமாற்றம்தான்.

12. அரை கிலோமீட்டர் பாதை ஒன்றரை கிலோமீட்டர் ஆவது எப்படித் தெரியுமா?

இது சுத்தமான கணக்கு. 100 ராட் போர்ட்டேஜ், அதாவது சுமார் 500 மீட்டர். படகையும் மூட்டைகளையும் ஒரே நடையில் கொண்டுபோனால் 500 மீட்டரோடு முடிந்தது. ஒரே நடையில் முடியாதவர் முதலில் மூட்டையைக் கொண்டுபோய் வைக்கிறார், வெறுங்கையோடு திரும்புகிறார், படகோடு மறுபடி போகிறார். மூன்று நடை, 1,500 மீட்டர்! ஒரு நாளில் இப்படி ஐந்து போர்ட்டேஜ் வந்தால் ஒருவர் இரண்டரை கிலோமீட்டர் நடப்பார். மற்றவர் ஏழரை கிலோமீட்டர் நடப்பார்.

34 கிலோ படகைத் தூக்கியவர் கூடவே இன்னொரு பையைத் தூக்குவது கடினம். 19 கிலோ படகைத் தூக்கியவர் முதுகில் ஒரு சிறு பையும் ஏற்றிக்கொள்வார். பெரிய பைகளைக் கூட்டாளி எடுத்துக்கொள்வார். எடைக் குறைவின் உண்மையான பரிசு இதுதான்: மிச்சமாகும் நேரம், மிச்சமாகும் முழங்கால்!

13. நின்றால் ஆடும் படகுதான் அலையில் நம்பகமானது, தெரியுமா?

அடிப்பாகம் தட்டையாக இருக்கும் கேனூவில் கடை வாசலில் ஏறிப் பார்த்தால் அசையாமல் நிற்கும். மனசுக்கு உடனே பிடித்துப்போகும். ஆனால் பெரிய ஏரியில் பக்கவாட்டில் அலை வந்தால் அலையின் சரிவோடு அதுவும் சரியும். ஓர் எல்லையைத் தாண்டினால் சட்டென்று கவிழும். லேசான வளைவுள்ள அடிப்பாகம் தொடக்கத்தில் சற்று ஆடும். சாய்ந்த பிறகு பிடித்து நிற்கும்! அதனால் பல நாள் பயணக் கேனூக்களில் மெல்லிய வளைவையே நாடுவார்கள்.

நீளமும் முக்கியம். நீண்ட படகு நேராக ஓடும், வேகமாக ஓடும், அதிகம் சுமக்கும். 17 முதல் 18½ அடி இருவருக்கு நல்ல அளவு. அதே நீளம் குறுகலான வளைவு ஆற்றில் தொல்லை. இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்த படகு சட்டென்று திரும்பும். ஆனால் காற்றடிக்கும் ஏரியில் நேர்கோட்டில் பிடிப்பது உழைப்பு. பெரிய ஏரியா, வளைந்த ஆறா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அளவைப் பார்க்க வேண்டும்.

14. தனியாகப் போவோருக்கு ஏழு கிலோ படகு இருக்கிறது, தெரியுமா?

சேரி கேம்ப்பின் வாரிசுகள் இன்றும் பிறக்கின்றன! அதே அடிரோண்டாக் பகுதியில் ஹார்ன்பெக் பட்டறை செய்யும் பத்தரை அடிக் கெவ்லர் படகு சுமார் 7 கிலோ. இருக்கைப் பலகை இல்லை. அடித்தளத்தில் மெத்தை போட்டு உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் அலகுள்ள துடுப்பால் மாறிமாறித் தள்ள வேண்டும். ஒரு கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம். சிறிய மலை ஏரிகளுக்கு இதைவிடச் சுகம் இல்லை. பத்து நாள் மூட்டை, பெரிய அலை என்றால் இது போதாது. நீளமான தனியாள் கேனூவுக்குப் போக வேண்டும்.

15. ஒரு மரத்துண்டு படகின் எடையைப் பாதியாகத் தோன்றச் செய்யும், தெரியுமா?

நுகத்தடி! கேனூவின் நடுவில், விளிம்பிலிருந்து விளிம்புக்கு, கழுத்துக்கு இடம்விட்டுக் குடைந்த ஒரு குறுக்குச் சட்டம். அதில் தோளுக்கு மெத்தை. படகின் எடை முழுவதும் இந்தச் சட்டம் வழியாகத் தோள்களில் இறங்குவதால், கைகள் சும்மா பிடித்துக்கொண்டால் போதும். சரியான இடத்தில் நுகத்தடி அமைந்த 25 கிலோ படகு, தவறான இடத்தில் அமைந்த 20 கிலோ படகைவிடச் சுலபமாக நடக்கும்!

சோதனை எளிது. தோளில் ஏற்றியதும் கையை விடுங்கள். பின்முனை ஒரு துளி கனத்து, முன்முனை மெல்ல மேலெழ வேண்டும். அப்போதுதான் பாதை கண்ணுக்குத் தெரியும். முன்முனை தாழ்ந்தால் நாள் முழுக்க அதைத் தூக்கிப் பிடித்தே கை ஓய்ந்துபோகும்.

16. துடுப்பில் குறைத்த 300 கிராம் ஒரு நாளில் மூன்றரை டன்னுக்கு மேல் ஆகும், தெரியுமா?

நம்ப முடியவில்லையா? கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 40 வீச்சு, ஒரு நாளைக்கு 5 மணி நேரம். மொத்தம் 12,000 வீச்சு! சாதாரண மரத் துடுப்பு 600 கிராம், கார்பன் துடுப்பு 300 கிராம் என்றால் ஒவ்வொரு வீச்சிலும் 300 கிராம் மிச்சம். 12,000 தடவை 300 கிராம் என்பது 3,600 கிலோ. உங்கள் தோள்மூட்டு அவ்வளவு குறைவாகத் தூக்குகிறது! படகுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் துடுப்புக்கு ஆவது கொஞ்சம்தான். கழுத்துப் பகுதியில் சற்றே வளைந்த துடுப்பும் பார்க்க வேண்டியது. 1970-களின் தொடக்கத்தில் மினசோட்டாவின் கேனூ வடிவமைப்பாளர் ஜீன் ஜென்சன் பந்தயங்களுக்காக உருவாக்கிய வடிவம் அது. வீச்சின் முடிவில் தண்ணீரை மேலே அள்ளி வீணாக்காமல் பின்னால் தள்ளும்.

17. கெவ்லர் படகைக் கரையில் இழுத்து ஏற்றவே கூடாது, தெரியுமா?

குண்டைத் தடுக்கும் நூல் கூழாங்கல்லுக்கு அஞ்சுமா? அஞ்சும்! கெவ்லர் இழுவிசைக்கு ராட்சசன்; உரசலுக்கு மென்மையானவன். தரையில் இழுத்தால் அடிப்பூச்சு தேய்ந்து, இழை பிய்ந்து நிற்கும். வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் புற ஊதாக் கதிர் அதன் வலிமையைத் தின்றுவிடும். அதனால் இந்தப் படகுக்காரர்களுக்கு ஒரே விதி: கால் நனைய வேண்டும், படகு தரையைத் தொடக் கூடாது. முழங்கால் நீரில் இறங்கி, மிதக்கும்போதே மூட்டையை ஏற்றி இறக்கி, நீரிலிருந்து நேராகத் தோளுக்கு. வீட்டில் நிழலில் கவிழ்த்து வைக்க வேண்டும். பயணத்தில் ஒட்டுநாடா ஒரு சுருள் கட்டாயம் வேண்டும். காலை நனைக்க மனமில்லாதவருக்கு இலகு கெவ்லர் ஏற்றதல்ல. சற்றே கனமான, தடித்த அடுக்குள்ள வகையே நல்லது.

18. இரவில் படகு தானாகப் பறந்துவிடும், தெரியுமா?

19 கிலோ உடலும் 18 அடி நீளமும் சேர்ந்தால் காற்றுக்குக் கொண்டாட்டம்! கரையில் சும்மா விட்ட இலகு கேனூவை நள்ளிரவுக் காற்று தூக்கிப் பாறையில் அடிக்கும், அல்லது ஏரிக்குள் தள்ளிவிடும். சாலையே இல்லாத காட்டில் படகு போனால் எல்லாம் போனது. ஒவ்வொரு இரவும் கவிழ்த்து, மரத்தோடு கட்டுங்கள். ஓட்டும்போதும் மூட்டைகளைத் தாழ்வாக, நடுவில் வையுங்கள். 1882-ல் டுலூத் நகரின் கமீல் புவாரியே காப்புரிமை பெற்ற டுலூத் பை இன்றும் விரும்பப்படுவது அதனால்தான். அகலமாக, குட்டையாகப் படகுக்குள் பொருந்தி உட்காரும்.

19. நாற்பது வயதுக்கு மேல் துடுப்பெடுத்து, பூமியின் சுற்றளவைத் தாண்டியவர் தெரியுமா?

மிச்சிகனைச் சேர்ந்த குழாய்த் தொழிலாளி வெர்லன் க்ரூகர்! கேனூவில் ஏறவே நாற்பதைத் தாண்டித்தான் தொடங்கினார். 1980 முதல் 1983 வரை ஸ்டீவ் லாண்டிக்குடன் வட அமெரிக்காவைச் சுற்றி அவர் போன தூரம் 28,000 மைல், 45,000 கிலோமீட்டர்! பூமியின் சுற்றளவே சுமார் 40,000 கிலோமீட்டர்தான். கிராண்ட் கேன்யனில் கொலராடோ ஆற்றை எதிர்த்துக்கூட மேலேறினார்கள். க்ரூகர் தன் படகைத் தானே வடிவமைத்தவர். போகும் வழியைப் பார்த்து, அதற்கேற்பப் படகைச் செய்தார்.

20. எடையைக் கடைக்காரரிடம் கேட்கக் கூடாது, தெரியுமா?

தராசிடம் கேட்க வேண்டும்! பட்டியலில் அச்சான எடைக்கும் கையில் வரும் படகின் எடைக்கும் வேறுபாடு வருவது உண்டு. இருக்கை, நுகத்தடி, விளிம்புச் சட்டம் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தே ஓரிரு கிலோ மாறிவிடும். தொங்கு தராசில் மாட்டிப் பாருங்கள்.

வாங்குமுன் வாடகைக்கு எடுங்கள். மினசோட்டாவின் ஈலி ஊரில் கெவ்லர் கேனூக்களை நாள் வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. டொரோண்டோவில் வாழும் நம் தமிழர்களுக்கு அல்கோன்குவின் பூங்கா சில மணி நேரக் கார்ப் பயணம்தான். 1893-ல் தொடங்கிய அந்தப் பூங்காவில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் காத்திருக்கின்றன, வாடகைக் கேனூக்களும் கிடைக்கின்றன. உயிர்காப்பு அங்கியைப் போடுங்கள். பையில் வைக்காதீர்கள், உடம்பில் போடுங்கள்!

முடிவாக என் தீர்ப்பு இதுதான். ஏரிக்கு ஏரி சுமந்து நடப்பதென்றால் முதலில் எடையைப் பாருங்கள், அடுத்து நுகத்தடியை, அடுத்து அடிப்பாகத்தின் வளைவை. பாறை ஆறு என்றால் முதலில் உறுதியைப் பாருங்கள். எதுவானாலும், தண்ணீரில் ஓட்டிப் பார்த்ததோடு முடிவு செய்துவிடாதீர்கள். நீங்களே தனியாகத் தூக்கி, தோளில் வைத்து, அரை கிலோமீட்டர் நடந்து பாருங்கள். இறக்கி வைத்த பிறகும் இன்னொரு தடவை தூக்க மனம் வந்தால், பணத்தை எடுங்கள். அதுவே உங்கள் படகு!